அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பதவி முழுநேரப் பணியா?

கேள்வி (லாஸ்பேட்டை, மாணவர்): புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 சட்டமன்ற உறுப்பினர்களையும் தொகுதி மக்கள் காலையிலேயே வீடு தேடிச் சென்று பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவன் நான். அமெரிக்க மாநிலங்களிலும் இது முழுநேரப் பணிதானா? விவரம் அறிந்த பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (கடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பி, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் முழுநேரப் பணி. டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 140 நாட்களே நடக்கும்; ஊதியம் மாதம் 600 டாலர். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள் இருந்தும், இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுமைக்கும் ஒருவருக்கு 200 டாலர்தான் என்று 1889 முதல் அம்மாநில அரசியலமைப்பே வரையறுத்திருப்பதால், வேறு வருமானமோ ஓய்வூதியமோ உள்ளவர்களுக்கே அப்பதவி எளிதாகிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு அது கதவடைப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (முத்தியால்பேட்டை): ஐயா கூறியது சரியே. ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில மேலவையில் இருந்த ஆண்டுகளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் கற்பித்தார். இடையில் 2000-இல் நாடாளுமன்றக் கீழவைக்கான உட்கட்சித் தேர்தலில் தோற்றார். 2004-இல் செனட்டுக்குத் தேர்வானார்.

லாஸ்பேட்டை மாணவர்: இருவருக்கும் நன்றி, ஐயா. கலிபோர்னியாவில் பதவிக்கால வரம்பு உண்டா?

கடலூர் ஆசிரியர்: உண்டு. இரு அவைகளிலும் சேர்த்து 12 ஆண்டுகள்.