வேலையை விடச் சொல்வது கடவுளா, என் சலிப்பா?

கல்மண்டபம்_பையன்:
வயது 29. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. போன மாதம் மூன்று நாள் தியானத்துக்குப் போனேன். கடைசி நாள் நற்கருணை ஆராதனையில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று உள்ளே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அழுதுவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனால் நாற்காலியில் உட்காரவே பிடிக்கவில்லை. இது அழைப்புதானா? தனிமையில் ஜெபித்தால் தெரியும் என்கிறார்கள். ஒரு ஹால், ஒரு ரூம், ஐந்து பேர். அம்மாவின் சீரியல், தம்பியின் ரீல்ஸ், வெளியே டிரெய்லர் ஹாரன். தனிமைக்கு நான் எங்கே போவேன்?

சீட்டுக்காரர்:
பிரதர், முதலில் எத்தனை மாதத் தவணை பாக்கி என்று பாருங்கள். கிண்டல் இல்லை. கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கும்போது ஊழியம் ஓடாது.

ரிட்டயர்டு_நர்ஸ்:
தம்பி, நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை, நீங்கள் கத்தோலிக்கர் போல. பரவாயில்லை, பைபிளில் வரும் சிறுவன் சாமுவேல் இரண்டு பேருக்கும் பொது. கூப்பிட்டது ஆண்டவர், ஆனால் அவன் மூன்று தடவையும் ஆலயத்து ஆசாரியர் ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிய அந்தக் கிழவர் சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆகவே உங்கள் பங்குச் சாமியாரிடமோ, வேறு நிதானமான பெரியவரிடமோ பேசாமல் ராஜினாமா எழுதாதீர்கள்.

அன்னை தெரசாவுக்கு அந்த அழைப்பு வந்தது 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போகிற ரயிலில். மடத்தை விட்டு வெளியே வந்தது 1948 ஆகஸ்டில். நடுவில் அனுமதிக்காகக் காத்திருந்தார். வந்த உடனே சேரிக்குப் போகவில்லை, பாட்னாவில் நோயாளிகளைக் கவனிக்கப் பழகிவிட்டுத்தான் போனார்.

என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊழியம் செய்யலாம் என்று பை நிறைய துண்டுப்பிரசுரத்தோடு போனேன். ஆளில்லாத ஒரு தாத்தா என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். நகம் வளர்ந்து பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. "இதை வெட்டி விடும்மா" என்றார். நர்ஸாக இருந்து என்ன பயன், பிரசுரம் இருந்தது, நெயில்கட்டர் இல்லை! மறுநாள் வாங்கிப் போனேன். ஏழு வருடமாக ஞாயிறு மதியம் அந்த வேலைதான்.

தனிமை எனக்கு மொட்டை மாடியில், நாலரை மணிக்கு. ஐந்து மணிக்கு மோட்டார் போட்டுவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கமிருந்து மீன் வாடையோடு காற்று வரும். பாதி நாள் தூக்கம்தான் வரும், பொய் சொல்ல மாட்டேன்.

மாற்கு 1:35 வாசித்துப் பாருங்கள். முந்தின சாயங்காலம் வாசல் நிறைய நோயாளிகள். இயேசு இருட்டோடே எழுந்து தனியே ஜெபிக்கப் போகிறார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து கூப்பிட்டால், திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போகக் கூடாது என்பதும் அந்த ஜெபத்தில்தான் தெளிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாதியில்_திரும்பியவன்:
நான் சாமியார் ஆவதற்காக இரண்டு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வந்தவன். வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்கப் போனேன், சண்டை கூடவே பெட்டியில் வந்தது. ஒன்று சொல்கிறேன். ராயபுரம் என்ற பெயரே இராயப்பரால், அதாவது இயேசுவின் சீடர் பேதுருவால் வந்தது. ஊர் பெயர் படகை விட்டுவிட்டு வந்தவருடையது. 1829-இல் அவருக்குக் கோயில் கட்டியவர்களோ படகை விடாத படகோட்டிகள்.

கல்மண்டபம்_பையன்:
தவணை பதினொன்று பாக்கி. சாமியாரிடம் பேசினேன், டிசம்பர் வரை எதையும் முடிவு செய்யாதே, மாதம் ஒரு தடவை வந்து பேசு என்றார். மாடி எங்களுக்கு இல்லை, ஹவுஸ் ஓனர் பூட்டிவிடுவார். அதனால் ஷிப்டுக்கு அரை மணி முன்னாலேயே போய் யார்டு சுவர் ஓரமாக உட்காருகிறேன். முதல் நாள் செக்யூரிட்டி வந்து வீட்டில் சண்டையா என்று கேட்டார். அம்மா, இந்த ஞாயிறு ஸ்டான்லிக்கு நானும் வரலாமா? நெயில்கட்டர் நானே வாங்கி வரவா?

ரிட்டயர்டு_நர்ஸ்:
வா தம்பி. பெரியதாக வாங்கு, கால் நகத்துக்குச் சின்னது தாங்காது. சுகர்காரர் என்றால் நீ வெட்டாதே, என்னைக் கூப்பிடு.