கல்லச்சுப் படத்தில் நீராவிக் கப்பலுக்குப் பாய்கள் ஏன்?

கேள்வி (சிம்மக்கல், மதுரை):
வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டுப் பரணை ஒழித்தபோது, கண்ணாடிச் சட்டமிட்ட கப்பல் படம் ஒன்று கிடைத்தது. அடியில் ‘கரியர் அண்ட் ஐவ்ஸ், நியூயார்க்’ என்று ஆங்கிலத்தில் உள்ளது. கப்பலின் நடுவே புகைபோக்கியும் விலாவில் பெரிய துடுப்புச் சக்கரமும் இருக்க, மூன்று மரங்களிலும் பாய்கள் புடைத்து நிற்கின்றன. பின்னாலிருந்து வரும் காற்றில் பாய் புடைத்தால் புகை முன்னோக்கியல்லவா போகவேண்டும்? புகையோ பின்னோக்கி ஓடுகிறது. நீராவி இருக்கும்போது பாய் எதற்கு? இது ஓவியரின் கற்பனையா? படம் அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில் 1:
கற்பனை அன்று, நண்பரே. அக்கால எஞ்சின்கள் நிலக்கரியை ஏராளமாக விழுங்கின. நடுக்கடலில் பழுதானால் பாய்தான் கதி. 1819இல் அட்லாண்டிக்கைக் கடந்த ‘சவன்னா’ நீராவிக் கப்பல், பயணத்தின் பெரும்பகுதியைப் பாய்களாலேயே முடித்தது. 1858இல் கடலில் இறங்கிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலுக்குச் சக்கரங்கள், சுழல்விசிறி (புரொப்பெல்லர்) இரண்டும் இருந்தும் ஆறு பாய்மரங்கள் வைத்தார்கள். புகையைப் பற்றி நீங்கள் கவனித்தது நல்ல கவனிப்பு. பாய்கள் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தால் காற்று விலாப்புறத்திலிருந்து வருகிறது என்று பொருள். அப்போது கப்பலின் வேகத்தால் புகை பின்னால் போவது சரியே.

பதில் 2:
சிவகாசியில் நெடுங்காலம் அச்சுத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கரியர் அண்ட் ஐவ்ஸ் என்பது நியூயார்க்கில் இப்படிப்பட்ட படங்களை அச்சிட்டு விற்ற நிறுவனம். அதன் கரியர் தொழில் தொடங்கியது 1830களில். 1840இல் ‘லெக்சிங்டன்’ என்ற நீராவிப் படகு தீப்பற்றி எரிந்ததைக் காட்டிய படமே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஐவ்ஸ் பங்குதாரரானது 1857இல்தான் என்பதால், இரு பெயரும் உள்ள படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை உள்ள கோலால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத தன்மையைக் கொண்டு கறுப்பில் அச்சிடுவார்கள்; இதுதான் கல்லச்சு. பின்னர் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு வண்ணமாகத் தீட்டினார்கள். ஆகவே லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுப்பு ஒழுங்கற்ற மணல்போலத் தெரிந்து, வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் நல்ல அறிகுறி. நம் ஊர்க் காலண்டர்போல வண்ணப் புள்ளிகள் வரிசைகட்டி நின்றால் அது பிற்கால ஆப்செட் நகல். தயவுசெய்து ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் கரைந்துபோகும்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணனிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். பாய்கள் சாய்ந்துதான் இருக்கின்றன. கறுப்பு மணல்மணலாக இருக்கிறது. சக்கரக் கூண்டின் ஓரத்தில் கடலின் நீலம் ஒரு நெல்லளவு ஏறியிருக்கிறது. படத்தை வெயில் படாத உள்ளறைச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.