ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க, கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு டெர்மடோமயோசைடிஸ், அதாவது தசையும் தோலும் அழற்சியாகித் தெம்பு போகிற நோய். பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு முழு அளவில் கொடுத்து, அப்புறம் நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் சேர்த்துப் பார்த்தாயிற்று, ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டுகிற சிகே அளவு இறங்கவே இல்லை, முகம் உப்பிச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். விடியறதுக்குள் பால் கறந்து முடிக்கிறவர், இப்போது தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

அடுத்து ஐவிஐஜி என்கிறார் டாக்டர், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில், மாதாமாதம். அமெரிக்காவில் 2021இல் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்த சிகிச்சைதான், ஆனால் செலவைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கிற ரிட்டுக்சிமாப் மருந்து இன்னொரு வழியாம்.

கோவை, ஈரோடு பக்கம் இதில் எதையாவது போட்டுக்கொண்டவர்கள், எத்தனை மாதத்தில் தெம்பு வந்தது, முதலமைச்சர் காப்பீட்டில் ஏதாவது கிடைத்ததா என்று தயவுசெய்து சொல்லுங்க. கம்மங்கஞ்சி குடித்தாலே புரை ஏறுகிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பயம். சாப்பாட்டை எப்படிக் கொடுத்தீங்க என்பதையும் எழுதுங்க.