ரோட் பிரசன்ஸ்: ‘எடுப்பு’ போதாதா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கார் கலைச்சொல் பட்டியலில் ‘ரோட் பிரசன்ஸ்’ (ஒரு வண்டி ரோட்டில் கண்ணை இழுக்கும் விதம்) என்பதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: சாலை இருப்பு, மிடுக்கு, ஆகிருதி, கம்பீரம். ஐந்தாவதாக நான் வைப்பது: எடுப்பு. இது நான் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை, காதில் விழுந்த சொல்.

போன முகூர்த்தத்தில் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து கறுப்பு நிற பிஎம்டபிள்யூ எக்ஸ்7 என்ற பெரிய எஸ்யூவியில் வந்து இறங்கினார்கள். மண்டபத்து கேட் ஏழடி. டிரைவர் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, வாட்ச்மேன் முன்னால் நின்று கைகாட்ட, அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுவந்தார். முதல் பந்தி முடிவதற்குள் வண்டியைச் சுற்றி இருபது பேர். “ஹெட்லைட் எங்கடா காணோம்?” என்றான் ஒரு பையன். கேள்வி நியாயமானது. 2022இல் மாற்றி வடிவமைத்தபோது விளக்கை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். மேலே மெல்லிய கோடாக எரிவது பகல் விளக்கு. உண்மையான முகப்பு விளக்கு அதற்குக் கீழே, கறுப்புப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வண்டியும் கறுப்பாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

நாற்பது வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மாமா அதுவரை பேசவில்லை. பானெட்டின் விளிம்பில் விரலை வைத்து மெதுவாகப் பின்பக்கம் வரை தடவிக்கொண்டே போனார். நசுங்கலைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்க்கும் பழக்கம் அவருக்கு. திரும்பி வந்து சொன்னார்: “மாப்ளே, வண்டி எடுப்பா இருக்குது. ஆனா மூக்கு மட்டும் தனியா எடுப்பா இருக்குது.”

அந்த இரண்டு ‘எடுப்பா’வும் ஒன்றில்லை. முதலாவது பாராட்டு. இரண்டாவது, பல் எடுப்பாக இருக்கிறது என்போமே, அந்த எடுப்பு. நாம் மூன்று வாரமாகத் தேடும் சொல்லில் இருக்க வேண்டியது இதுதான் என்று எனக்கு அங்கேயே பட்டது.

மற்ற நான்கையும் பார்ப்போம். ‘சாலை இருப்பு’ ஆங்கிலத்தின் நிழல். கிடங்கில் சிமென்ட் மூட்டை இருப்பு, வங்கியில் குறைந்தபட்ச இருப்பு, அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் காட்டாது. ‘மிடுக்கு’ நடையில் தெரிவது. நிறுத்தி வைத்த வண்டிக்கும் ரோட் பிரசன்ஸ் உண்டே? ‘ஆகிருதி’ என்றாலே ஆஜானுபாகுவான உருவம்தான் மனதில் வருகிறது. அளவைச் சொல்லிவிட்டு அழகையும் சேர்த்துச் சொன்னதாக நினைத்துக்கொள்ளும் சொல் அது.

‘கம்பீரம்’தான் உண்மையான போட்டி. ஆனால் அது வெறும் பாராட்டு. ‘கம்பீரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது’ என்று யாரும் குறை சொல்வதில்லை. கார் பைத்தியங்கள் எக்ஸ்7ஐப் பற்றிச் சண்டை போடுவதே அந்த ‘அதிகமாகிவிட்டது’ பற்றித்தான். 2018இல் வந்த நாள் முதல் அதன் மூக்கில் இருக்கும் கிரில்லின் அளவை வைத்துத்தான் பேச்சு. 1933இல் பிஎம்டபிள்யூ 303இல் வந்த இரட்டைக் கிரில் அந்தக் கம்பெனியின் அடையாளம், அது இருக்கத்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. அடையாளம் என்றால் நெற்றியில் பொட்டு மாதிரி இருக்கணும், நெற்றியே பொட்டாகக் கூடாது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. இரண்டு தரப்புக்கும் பயன்படும் சொல்தானே கலைச்சொல்? எடுப்பு குறைவு, நல்ல எடுப்பு, மிகை எடுப்பு என்று அளவாக ஏற்றி இறக்க முடிகிறது.

அளவும் எடுப்பும் வேறு வேறு என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. எக்ஸ்7 நீளம் 5,181 மில்லிமீட்டர், அகலம் 2,000, உயரம் 1,835. பொலேரோ நீளம் 3,995, அகலம் 1,745. ஆனால் உயரம்? 1,880. ஆமாம், அஞ்செட்டிப் பக்கம் தக்காளிக் கூடை ஏற்றிப் போகும் பொலேரோ, அந்த ஜெர்மன்காரனைவிட உயரம். தட்டையான கண்ணாடி, நேர்க்கோட்டில் வெட்டிய பானெட், சக்கரத்துக்கு மேல் தெரியும் வெற்றிடம். நான்கு மீட்டருக்குள் அடங்கிக்கொண்டே அந்த வண்டி எடுப்பாக நிற்கிறது. (அந்த நான்கு மீட்டரும் வடிவமைப்பாளர் வைத்த கணக்கில்லை. 2006 பட்ஜெட்டில் வந்த வரிச் சலுகையின் கணக்கு.)

இன்னொன்று. மக்கள் வாயில் இருக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா என்று பேராசிரியர் ஐயா தயங்கியிருந்தார். ஐயா, 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அரசாணையே எஸ்யூவியை ‘அப்படி என்று மக்களால் அறியப்படும் வண்டி’ என்றுதான் சொன்னது. அதோடு சேர்த்துத்தான் நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், தரை இடைவெளி குறைந்தது 170 மில்லிமீட்டர் என்ற டேப் கணக்கு. வரி போடுகிறவர்களே மக்கள் வாயைப் பார்த்தபோது நாம் பார்ப்பதில் என்ன தப்பு?

கிரில்லுக்கும் சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கிராதி’ நல்ல சொல்தான். ஆனால் வெல்டிங் பட்டறையில் கிரில் கேட் அடிக்கிறவர் கிராதி என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கிரில் தமிழாகி ரொம்ப நாளாச்சு, விட்டுவிடுவோம்.

ஆகவே என் முன்மொழிவு: ரோட் பிரசன்ஸ் – சாலை எடுப்பு.

கிருஷ்ணகிரியிலிருந்து.

*

அண்ணா, வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன்.

எடுப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ‘சாலை எடுப்பு’ மட்டும் வேண்டாம்! எங்கள் பக்கம் அதைப் படித்தால் வயிறு கலங்கும். தனி வட்டாட்சியர், அடைப்புக்குறிக்குள் ‘நில எடுப்பு’ என்ற போர்டைப் பார்த்தவர்கள் நாங்கள். தாத்தாவின் புளியந்தோப்பில் பாதி நான்குவழிச் சாலைக்குப் போனது அந்தப் போர்டு வைத்த ஆபீஸ் வழியாகத்தான். ‘இந்த வண்டிக்கு சாலை எடுப்பு அதிகம்’ என்று எழுதினால், எத்தனை சென்ட் என்று கேட்பார்கள்.

அளவுக்கும் எடுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல எழுதியிருப்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தொப்பூர் கணவாயில் சேலம் பார்த்து இறங்கும்போது பின்கண்ணாடியில் இரண்டு மீட்டர் அகல வண்டி நிறைந்து தெரிந்தால் தானாக இடதுபக்கம் ஒதுங்குவோம். அங்கே கிரில் அழகு யார் பார்த்தது? அந்த ஒதுங்கலுக்குப் பெயர் என்ன?

*

தம்பி,

நில எடுப்பு எனக்குத் தோன்றவே இல்லை. சூளகிரிப் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்களை தினமும் பார்த்துக்கொண்டே இதை மறந்திருக்கிறேன். ‘சாலை’யை எடுத்துவிடுகிறேன். பட்டியலில் ‘தோற்ற எடுப்பு’, கட்டுரைக்குள் வெறும் ‘எடுப்பு’. சரியா?

தொப்பூர் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். எடுப்பில் அளவுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை, அளவே எடுப்பு ஆகாது என்கிறேன். 2021இல் வந்த ரேஞ்ச் ரோவரைப் பாருங்கள். அதுவும் ஐந்து மீட்டரைத் தாண்டிய வண்டி, அகலத்தில் எக்ஸ்7ஐயும் மிஞ்சும். பின்பக்க விளக்குகள் எரியாதபோது கறுப்புப் பட்டைக்குள் மறைந்துவிடும். பக்கவாட்டில் கோடுகளே இல்லாத மாதிரி ஒரே வழுவழுப்பு. அந்த மூக்குப் புகார் இந்த வண்டியின் மேல் என் காதில் விழுந்ததில்லை. மாமாவிடம் படம் காட்டினேன். “இதுல பட்டி பாக்கறது கஷ்டம்டா, மறைக்க ஒரு கோடு கூட இல்ல” என்றார். பட்டி என்பது நசுங்கலை நிரப்பும் பூச்சு. அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

உங்கள் கண்ணாடியில் தெரிந்தது எடுப்பு இல்லை, மிரட்டல். அதற்குத் தனிச் சொல் வேண்டாம், மிரட்டல் என்றே எழுதலாம். லாரிக்காரர்கள் இரவில் லைட்டைத் தூக்கிப் போட்டுச் செய்வதும் அதைத்தான்.

திங்கட்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ‘ஓவர்ஹேங்’. சக்கரத்துக்கு முன்னால் பம்பர் வரை துருத்திக்கொண்டிருக்கும் பகுதி. மாமா அதை ‘மூக்கு நீட்டம்’ என்கிறார். பின்னால் இருப்பதை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.