கோத்தகிரி பள்ளி நாடகம்: சீன அரசவை இளவரசியின் வாழ்க்கை பற்றி விவரம் தேவை

மேடைத்திரை (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். தமிழாசிரியை நான். ஜனவரி ஆண்டு விழாவுக்கு மாணவிகள் 14 பேரை வைத்து 35 நிமிட நாடகம் போடுகிறோம். பழைய சீன அரசவையில் ஒரு இளவரசி, சிறுவயது முதல் கல்யாணம் வரை. கையில் இருக்கும் எழுத்துப்படியில் இதெல்லாம் இருக்கிறது: தலையில் பலகை மாதிரி அகன்ற பூ அலங்காரம், கட்டிச் சிறிதாக்கிய பாதம், சிவப்பு முக்காடு போட்ட மணப்பெண், தோழிக்குக் கோப்பையில் தேநீர் ஊற்றித் தரும் காட்சி, கொடுமைக்கார மாமியார். இதில் எது நிற்கும், எது போகும்? அவளைச் சுற்றி யார் இருப்பார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? உடைகளை இங்கேயே தைக்க வேண்டும். அரங்கம் தகரக் கூரை. சாயங்காலம் மஞ்சு உள்ளே வரைக்கும் வந்துவிடும்.

பழஞ்சுவடி (உதகை):

டீச்சர், உங்கள் எழுத்துப்படியில் மூன்று வம்சம் கலந்து கிடக்கிறது. பலகைக் கொண்டை சிங் வம்சத்தின் கடைசிக் காலம், 19ஆம் நூற்றாண்டு. பாதம் கட்டுவது தாங் வம்சம் (618–907) முடிந்த பிறகு, சோங் காலத்தில் பரவிய பழக்கம். சிங் அரச குடும்பம் மஞ்சூரியர்கள் என்பதால் அவர்கள் வீட்டுப் பெண்கள் பாதம் கட்டவே இல்லை. ஆகப் பலகைக் கொண்டையும் கட்டிய பாதமும் ஒரே இளவரசியிடம் இருக்க வழியில்லை. முதலில் ஒரு ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

என் பரிந்துரை கி.பி. 681. இடம் தலைநகர் சாங்ஆன், இன்றைய சீஆன். பேரரசர் காவோசோங்குக்கும் பேரரசி வூவுக்கும் பிறந்த தைப்பிங் இளவரசிக்கு அந்த ஆண்டு கல்யாணம். 35 நிமிடத்துக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது, கற்பனை சேர்க்கத் தேவையில்லை.

முதல் காட்சி: திபெத்தியர்கள் இவளைப் பெண் கேட்கிறார்கள். பேரரசிக்கு அனுப்ப மனமில்லை, வெளிப்படையாக மறுக்கவும் முடியாது. அதனால் தைப்பிங் என்ற பெயரில் ஒரு தாவோ மதத்து மடம் எழுப்பி, மகளை அதற்குத் தலைவி ஆக்கி, "துறவு பூண்டவளுக்கு ஏது கல்யாணம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு முன்பு 641இல் திபெத்துக்குப் போன வென்செங், பேரரசர் பெற்ற மகளே இல்லை. அரச குலத்துப் பெண் ஒருத்திக்கு இளவரசிப் பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். பெற்ற மகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது தாங் அரசவையில் அபூர்வம்.

இரண்டாவது: ஒருநாள் இவள் ஊதா அங்கி, மணிக்கல் இடைவார் என்று படைத்தலைவன் வேடத்தில் வந்து பெற்றோர் முன் ஆடுகிறாள். "நீ படைத்தலைவன் ஆக முடியாதே, எதற்கு இது?" என்று சிரிக்கிறார்கள். "அப்படியானால் வரப்போகிற மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமே" என்கிறாள். கல்யாணப் பேச்சை ஆரம்பித்ததே பெண்தான். உங்கள் மாணவிகள் இதை விடமாட்டார்கள்.

மாப்பிள்ளை ஷுவே ஷாவ், பேரரசரின் உடன்பிறந்த தங்கை மகன். அதாவது அவளுக்கு அத்தை மகன், நம்ம ஊரில் விளக்கமே வேண்டாம். அத்தை அப்போது உயிரோடு இல்லை, ஆகையால் மாமியார் பாத்திரம் தானாகப் போய்விடுகிறது. கொடுமை செய்வது பெண்ணைப் பெற்றவள்தான். மாப்பிள்ளையின் அண்ணிகள் இரண்டு பேரும் தன் மகளுக்கு ஓரகத்தியாக இருக்கும் தகுதி இல்லாத குடியானவர்கள் என்று சொல்லி, அவர்களைத் தள்ளிவைக்கச் சொல்கிறாள் பேரரசி வூ. அவர்களில் ஒருத்தி பழைய மந்திரி குடும்பம் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் விடுகிறாள். மாப்பிள்ளையின் அண்ணனுக்கோ வயிற்றில் புளி கரைக்கிறது. குலத்துப் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்கிறான். அவர் சொன்ன ஊர்ப் பழமொழியின் சாரம்: இளவரசியைக் கட்டினால், ஒரு தப்பும் செய்யாதவன் வீட்டுக்குள் கச்சேரி (அரசு அலுவலகம்) வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பயம் பலித்தது. 688இல் அரச குலத்தார் கிளர்ச்சியில் அந்த அண்ணன் சிக்க, ஷுவே ஷாவுக்கு 100 அடி. பிறகு சிறையில் பட்டினிச் சாவு. நாடகம் அதுவரை போக வேண்டாம். ஆனால் அந்த அண்ணனாக நடிக்கிற பெண்ணுக்கு இது தெரிந்திருந்தால் முகத்தில் வரும்.

கல்யாணக் காட்சியில் சிவப்பு முக்காட்டை எடுத்துவிடுங்கள். தாங் கால மணமகள் பச்சை, மணமகன் சிவப்பு. அவள் விசிறியால் முகத்தை மறைத்துக்கொள்வாள். மாப்பிள்ளை வீட்டார் கவிதை சொல்லச் சொல்லத்தான் விசிறி இறங்கும். தமிழாசிரியை கையில் இருக்கிற நாடகம். இரண்டு வெண்பா எழுதிப் போடுங்கள்.

ஊசிநூல் (குன்னூர்):

உடை பற்றி மட்டும் சொல்கிறேன். 681 என்றால் நல்லதாகப் போயிற்று. அப்போது சட்டைக் கை ஒடுக்கம், உடம்பை ஒட்டிய வெட்டு. அகலக் கையும் தாழ்ந்த கழுத்தும் பிற்பாடு வந்தவை. பள்ளி மேடைக்கும் ஒத்துவராது, ஜனவரிக் குளிருக்கும் தாங்காது. ஒடுக்கக் கைக்குள் தெர்மல் போட்டால் வெளியே தெரியாது.

ஒரு ஆளுக்கு வேண்டியது நான்கு உருப்படி: குட்டைச் சட்டை, அதன் மேல் அரைக்கை மேலாடை, மார்புக்கு மேல் கட்டும் பாவாடை, நீளத் தோள்துணி. சட்டை உள்ளே, பாவாடை அதற்கு மேலே. இதை மாற்றிக் கட்டினால் காலமே மாறிவிடும்.

பாவாடை ஆறு பட்டை. தாங் காலத்தில் விதிப்படி துணி அகலம் 1 சி 8 சுன், நம் கணக்கில் ஏறத்தாழ 53 செ.மீ. 44 அங்குலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 56 செ.மீ. வரும், தையலுக்குப் போக மிகச் சரி. 1.2 மீட்டர் நீளம் மூன்று வெட்டு, ஆக 3.6 மீட்டர் துணிக்கு ஆறு பட்டை. கீழ்ச்சுற்று 3.2 மீட்டர் கிடைக்கும். மேலே ஒவ்வொரு பட்டையையும் 17 செ.மீ.க்குக் குறுக்கிச் சாய்த்து வெட்டுங்கள், சுருக்கு வைத்தால் மார்பில் மூட்டை கட்டின மாதிரி உப்பும். இரண்டு நிறம் மாற்றி மாற்றி வைத்தால் அந்தக் காலத்துக் கோட்டுப் பாவாடை வந்துவிடும்.

எல்லோரும் சாட்டின் எடுப்பார்கள், அங்கேதான் கெடும். சாட்டின் பட்டிக்குப் பிடிப்பு இல்லை, மூன்றாவது வசனத்தில் பாவாடை இறங்கும். பட்டியின் உள்பக்கம் 5 செ.மீ. அகலத்துக்குக் காடா துணி வைத்துத் தையுங்கள். மேலாடைக்குள் மறைகிற மாதிரி தோள்பட்டியும் வையுங்கள். தோள்துணிக்குப் புதிதாக வாங்க வேண்டாம், 2.25 மீட்டர் துப்பட்டா ஒன்றை நீளவாக்கில் வெட்டினால் இரண்டு பேருக்கு ஆகும். செருப்பு முனை நிமிர்ந்து பாவாடை விளிம்பைத் தாங்கி நிற்க வேண்டும். அழகுக்கு மட்டுமில்லை, அது இல்லாவிட்டால் நடக்கும்போது விளிம்பை மிதித்து விழுவார்கள். கேன்வாஸ் ஷூ முனையில் அட்டை வைத்துத் துணி சுற்றினால் போதும்.

முக ஒப்பனை வரிசை: வெள்ளைப் பூச்சு, கன்னச் சிவப்பு, புருவம், நெற்றியில் பூ ஒட்டு, வாயோரப் புள்ளிகள், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருபுறமும் சிவப்புப் பிறை, கடைசியில் உதடு. அவர்கள் பூசியது ஈய வெள்ளை, விஷம். நீங்கள் அரிசி மாவும் போடாதீர்கள், மஞ்சில் கட்டி கட்டியாகத் திரளும். கிரீம் வகையே நிற்கும். நெற்றிப் பூவுக்கு அவர்கள் தங்கத் தகடு, மீன் செதில், அபிரகம் எல்லாம் வெட்டிப் பசை தடவி ஒட்டினார்கள். உங்களுக்கு ஃபேன்ஸி ஸ்டோர் ஒட்டுப்பொட்டு போதும்.

மஞ்சூர்வாசி:

681 சரி. ஆனால் இளவரசி என்றால் சுகம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்றால் மிங் வம்சக் காலம் (1368–1644) தான் உறைக்கும். அங்கே இளவரசியின் கணவன் அவளைப் பார்க்கவே அரண்மனை நியமித்த மேற்பார்வைக்காரி அனுமதிக்க வேண்டும், அனுமதிக்குக் கைக்கூலி. வான்லி பேரரசரின் மகள் ஷௌநிங்கின் கணவன் ஒரு ராத்திரி அந்த அம்மாவிடம் சொல்லாமல் வந்துவிட்டான். அவள் குடித்துவிட்டு அவனை அடித்துத் துரத்தினாள். முறையிடப் போனபோது இளவரசியின் தாயே மேற்பார்வைக்காரி பேச்சைத்தான் நம்பினாள். அவனுக்குக் கிடைத்தது மறுபடி அடி, கூடவே ஒழுக்கம் படித்து வரும்படி உத்தரவு. மேற்பார்வைக்காரிக்கு வேலை மாற்றம் மட்டும்.

பழஞ்சுவடி (உதகை):

உண்மைதான் சார். ஆனால் இதற்கு வேறு உடை, வேறு அரங்கம், வேறு பாத்திரங்கள். இரண்டையும் சேர்த்தால் பழைய குழப்பமே திரும்பும். அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேடைத்திரை (கோத்தகிரி):

எல்லோருக்கும் நன்றி. 681 என்று முடிவு செய்தாயிற்று. பணம், பணியாட்கள் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். தேநீர்க் காட்சியை யாருமே தொடவில்லையே? தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற பள்ளியில் அது இல்லாவிட்டால் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஏலக்கணக்கு (கொடைக்கானல்):

பணத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இளவரசிக்கு நிலம் கொடுப்பதில்லை, குடும்பங்களின் வரியைக் கொடுப்பார்கள். தாங் தொடக்கத்தில் சாதாரணமாக 300 குடும்பம். அப்போதைய வரிப்படி வயது வந்த ஒரு ஆண் ஆண்டுக்கு 2 ஷி (பழைய சீன அளவை) தானியம், பட்டு நெய்யும் ஊரானால் 2 ஜாங் (சுமார் 6 மீட்டர்) பட்டு, 20 நாள் உழைப்பு அல்லது அதற்கு ஈடாகத் துணி கொடுக்க வேண்டும். அந்த 300 குடும்பத்தின் வரி இளவரசிக்கு. இதைப் பார்த்துக்கொள்ள அவளுக்கென்று ஒரு அலுவலகம். தலைவர் ஏழாம் தர அதிகாரி, துணைவர் எட்டாம் தரம், அவர்களுக்குக் கீழே கணக்கர்கள். அவள் மட்டும் முதல் தரத்துக்குச் சமம். கட்டிக்கொண்டவனுக்குக் கிடைக்கும் பதவி ஐந்தாம் தரத்தின் கீழ்ப்படி. வீட்டுக்குள் கச்சேரி என்ற பழமொழி சும்மா வரவில்லை.

தைப்பிங் விதிவிலக்கு. அவளுக்கு 3,000, பிறகு 5,000, கடைசியில் 10,000 குடும்பம் வரை ஏறியது. இப்படி ஆளாளுக்குக் கொடுத்ததில் 709இல் ஒரு மந்திரி கணக்குக் காட்டுகிறார்: இளவரசிகள், பிரபுக்கள் கைக்குப் போகும் பட்டு ஆண்டுக்கு 12 லட்சம் உருளைக்கு மேல், அரசுக் கருவூலத்துக்கு வருவது 10 லட்சத்தைத் தாண்டவில்லை. பிற்பாடு வந்த பேரரசர் ஷுவான்சோங், மகள்களுக்கு 500 குடும்பம் என்று குறைத்தார். போதவில்லை என்று பேச்சு எழுந்தபோது, போரில் உயிரைக் கொடுக்கிறவனுக்கே சில சுருள் பட்டுத்தான், பெண்பிள்ளைகள் என்ன செய்துவிட்டார்கள், சிக்கனம் கற்கட்டும் என்றார். ஆனால் செல்ல மனைவி பெற்ற மகளுக்குக் கல்யாணம் வந்ததும் 1,000 ஆக்கினார், மற்றவர்களுக்கும் ஆக்க வேண்டியதாயிற்று.

பணியாட்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் 706இல் கட்டிய யோங்தாய் இளவரசியின் கல்லறைச் சுவர் ஓவியத்தைப் பாருங்கள். பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி கையில் மெழுகுவத்தி, ஒருத்தி வட்ட விசிறி, ஒருத்தி கிண்ணம், பெட்டி, தட்டு என்று ஆளுக்கு ஒன்று. ஆண் உடையில் ஒரு பெண்ணும் உண்டு. உங்கள் 14 பேரில் எட்டு பேருக்கு வசனமே இல்லாமல் இடம் கிடைத்துவிடும்.

தேநீர் விஷயத்தில் தலைமையாசிரியரைச் சமாதானம் செய்யத்தான் வேண்டும். வட சீனத்தில் தேநீர் பரவலானது 8ஆம் நூற்றாண்டில்தான், 681 கல்யாணத்தில் வைத்தால் முந்திப்போய்விடும். அப்படியே வைத்தாலும் கோப்பையில் இலை போட்டு ஊற்றுவது மிங் காலத்து முறை. தாங் முறையில் அச்சில் அழுத்திய தேயிலைக் கட்டியை நெருப்பில் வாட்டி, அரைத்து, சலித்து, கொதிக்கும் நீரில் போட வேண்டும். நீரில் மீன்கண் மாதிரி குமிழ் வரும்போது உப்பு. ஓரங்களில் குமிழ் கோத்து வரும்போது ஒரு அகப்பை நீரைத் தனியே எடுத்துவிட்டு, கலக்கிக்கொண்டே தூளைப் போடுவது. பொங்கி எழும்போது எடுத்துவைத்த நீரை ஊற்றி அடக்குவது. மேடையில் இதற்கே பத்து நிமிடம் போகும். அதற்குப் பதில் திராட்சை மது வையுங்கள். 640இல் மேற்கே திராட்சை விளைந்த காவோசாங் நாட்டைப் பிடித்த பிறகு அரசவையிலேயே காய்ச்சினார்கள். பள்ளியில் திராட்சைச் சாறு ஊற்றிக்கொள்ளலாம். தலைமையாசிரியருக்கு இடைவேளையில் தேநீர் கொடுத்துவிடுங்கள்.

ஊசிநூல் (குன்னூர்):

கல்யாண ஊர்வலம் யாரும் சொல்லவில்லையே. கல்யாணத்துக்குத் தலைநகரின் வான்னியென் வட்ட அலுவலகத்தையே எடுத்துக்கொண்டார்கள். இளவரசியின் வண்டி அதன் வாசலில் நுழையவில்லை, மதிலை இடித்து உள்ளே விட்டார்கள். சிங்ஆன் வாசலிலிருந்து வழி நெடுகப் பந்தம். அந்த வெக்கையில் சாலையோர மரங்களே பட்டுப்போயின.

மேடையில் இது சுலபம். வாசல் சட்டம் 120 செ.மீ., வண்டி முகப்பு 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிலில் பக்கத்துக்கு 20 செ.மீ. துண்டைத் தனியாக வெட்டி வெல்க்ரோவில் நிறுத்தினால் இடிக்கும்போது ஒரே இழுப்பில் விழும், மறுநாள் ஒத்திகைக்கு மறுபடி நிற்கும். அட்டையில் செய்யாதீர்கள், மஞ்சு ஏறினால் காலையிலேயே தொய்ந்துவிடும். தெர்மோகோல், பின்னால் சில்வர் ஓக் ரீப்பர். பந்தத்துக்குப் பேட்டரி விளக்கு, மேலே ஆரஞ்சு ஜெலட்டின் தாள். விளக்குக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே ஒரு கையகலமாவது இடைவெளி விடுங்கள்.

மேடைத்திரை (கோத்தகிரி):

வண்டிக்குச் சக்கரம் வேண்டுமா, தூக்கி வரலாமா?

ஊசிநூல் (குன்னூர்):

சக்கரம் உண்டு, ஆனால் அரங்கத்துப் பலகைத் தரையில் உருளும் சத்தம் வசனத்தை அமுக்கும். முகப்பு மட்டும் செய்து பின்னால் இரண்டு பேர் பிடித்து நடக்கட்டும், சக்கரத்தைத் துணியில் வரைந்துவிடுங்கள். பிடிக்கிறவர்கள் ரப்பர் அடி போட்ட செருப்பு போட வேண்டும். ஈரப் பலகை வழுக்கும்.