ஃபிராங்கை ரூபாயாக மாற்றும்போது எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா. அவருடைய தகரப் பெட்டியில் 1997ஆம் ஆண்டின் மாதப் பென்ஷன் சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் 2,600 ஃபிராங்க் (யூரோ வருவதற்கு முன் பிரான்சில் இருந்த நாணயம்) என்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை ரூபாயாக மாற்றிப் பார்க்க விரும்பினாள். ஒரு யூரோவுக்கு 6.55957 ஃபிராங்க் என்ற நிலையான விகிதத்தையும், யூரோவுக்கு 90 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்ட மதிப்பையும் வைத்து அவள் கணக்கிட்டபோது 15,34,939 ரூபாய் வந்தது. விடை தவறு என்று தெரிகிறது. தவறு எங்கே என்று அவளுக்கு விளக்கத்தான் என்னால் இயலவில்லை. பெருக்குவதா வகுப்பதா என்பதை மனப்பாடம் செய்யாமல் அறிய வழி உண்டா?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர், ஓய்வு பெற்ற கணக்காசிரியை)

உண்டு, அம்மா. எண்ணை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு எண்ணுடனும் அதன் அலகையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு யூரோவும் 6.55957 ஃபிராங்கும் ஒரே மதிப்புடையவை என்பதால், ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்து எழுதும் பின்னத்தின் மதிப்பு 1தான். அந்தப் பின்னத்தால் பெருக்கினால் தொகையின் மதிப்பு மாறாது, அலகு மட்டுமே மாறும். எதை மேலே வைப்பது என்பதை, எந்த அலகு அடிபட வேண்டும் என்பதே முடிவு செய்கிறது.

2,600 ஃபிராங்க் × (1 யூரோ / 6.55957 ஃபிராங்க்) × (90 ரூபாய் / 1 யூரோ)

ஃபிராங்கை ஃபிராங்கோடும் யூரோவை யூரோவோடும் பென்சிலால் அடித்துவிட்டால் ரூபாய் மட்டும் மிஞ்சும், விடை 35,673.07 ரூபாய். உங்கள் மகள் முதல் பின்னத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறாள். அப்படி வைத்தால் ஃபிராங்க் இரண்டு முறை மேலேயே நிற்கும், அடிபடாது. எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அலகு அவளுக்குத் தவறைக் காட்டியிருக்கும். நடுவில் யூரோவை 396.37 என்று முழுமையாக்கிவிட்டால் 23 பைசா கூடிவிடும் என்பதால், முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே முறை செய்வது நல்லது.

பதில் (புதுச்சேரி, வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவர்)

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 6.55957ஆல் வகுப்பதற்குப் பதிலாக, 1 ஃபிராங்க் = 0.152 யூரோ என்று சுருக்கிக்கொண்டு பெருக்கினால் 395.20 யூரோதான் வரும். ஏறத்தாழ 105 ரூபாய் குறைந்துபோகும். யூரோவுக்கு மாறுவதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இயற்றிய விதிமுறை, இப்படித் தலைகீழ் விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

அலகு சொல்லித் தராத ஒன்றும் இருக்கிறது. வங்கி உங்களிடமிருந்து யூரோவை வாங்கும் விலை வேறு, உங்களுக்கு விற்கும் விலை வேறு. இரண்டுக்கும் அலகு ரூபாய்/யூரோதான் என்பதால், எதை வைத்தாலும் அலகுகள் சரியாகவே அடிபடும். பென்ஷன் யூரோவில் வந்து ரூபாயாக மாறும்போது, வங்கியின் வாங்கும் விலையையே எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மகள் தானே அலகுகளை அடித்துப் பார்த்து 35,673.07 ரூபாயைக் கொண்டுவந்தாள். அதே பெட்டியில் 1958ஆம் ஆண்டின் சீட்டு ஒன்றில் 18,000 ஃபிராங்க் என்று இருக்கிறது. இதற்கும் அதே வழிதானா?

பதில் (மஞ்சக்குப்பம்)

வழி அதேதான், அம்மா. பின்னம் ஒன்று கூடும். 1960 ஜனவரி 1 முதல் பிரான்சில் 100 பழைய ஃபிராங்க் ஒரு புதிய ஃபிராங்க் ஆனது. ஆகவே இரண்டையும் வெறும் ‘ஃபிராங்க்’ என்று எழுதாமல், பழைய ஃபிராங்க், புதிய ஃபிராங்க் என்று தனித்தனி அலகாகவே எழுத வேண்டும். முதலில் (1 புதிய ஃபிராங்க் / 100 பழைய ஃபிராங்க்) என்று பெருக்கினால் 180 புதிய ஃபிராங்க் வரும். அதன்பின் முன்பு போலவே செய்தால் 27.44 யூரோ, அதாவது 2,469.67 ரூபாய். அந்தப் பின்னத்தை விட்டுவிட்டால் விடை நூறு மடங்காகிவிடும். இது நாணய மாற்றம் மட்டுமே. 1958இல் அந்தப் பணத்துக்கு என்னென்ன வாங்க முடிந்தது என்பதை அறிய விலைவாசியை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.