புதுப்பிப்பு: தகர டப்பாவிலிருந்து வெளியே வந்த அலறல்

மெட்டல் பாட்டுக்கு வீட்டில் அலறிப் பதிவு செய்தால் உச்சத்தில் ஒலி உடைகிறது, மற்ற நேரம் தகர டப்பாவுக்குள் கத்தியதுபோல் கேட்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இரண்டும் தீர்ந்துவிட்டன.

உடைந்ததற்குக் காரணம் மைக் அல்ல, நான்தான். "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பார்த்து கெயினை (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) வைத்துவிட்டு, பிறகு முழு மூச்சில் அலறியிருக்கிறேன். இப்போது பாட்டின் மிக உரத்த வரியை நான்கைந்து முறை அலறி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி வைக்கிறேன் (பூஜ்யத்தைத் தாண்டினால்தான் ஒலி உடையும்). மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் 24 பிட் பதிவில் இவ்வளவு இடம் விடுவதால் நஷ்டமில்லை.

தகர ஓசை அறை எதிரொலியின் கைங்கரியம். அறையின் சின்னச் சத்தத்தையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக்கை மூட்டை கட்டிவிட்டு, இரவல் வாங்கிய ஷூர் எஸ்எம்58 என்ற மேடை மைக்குக்கு மாறினேன். அப்படியும் பாதிதான் குறைந்தது. இலவம்பஞ்சு மெத்தையை மைக்குக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன், சுத்த வீண். முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும் இந்தக் கார்டியாய்டு வகை மைக் பார்ப்பது என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான்! மெத்தையை அங்கே மாற்றியதும் குரல் நெஞ்சோடு வந்து நின்றது.

மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கச் சொன்னவருக்கு: செய்து பார்த்தேன். பின்பக்க ஒலியைத் தடுக்க உதவும் பின்துளைகள் அடைபட்டு, அறையின் எதிரொலியெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிட்டது. மேடையில் செய்தாலும் ஸ்பீக்கர் ஊளையிடும் ஆபத்து உண்டு.

தொண்டை எரியத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுகிறேன். கீழ்வீட்டு அம்மா மட்டும் நேற்று, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, தம்பி?" என்று கேட்டார்.